முதுகாட்டில் மாப்பிள்ளை

முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்றம் பரவாயில்லை, இறக்கம்தான் ஆகாது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் இந்த மாடிப்படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்கள், வேண்டாம் என்றேன். இறங்கும்போது பிடித்துக்கொள்கிறேன். எப்போது இறங்குவேன் என்பதும் உங்கள் கையில்தானே இருக்கிறது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என்னை முதலிலிருந்து சொல்ல விடுங்கள், அது போதும். நடுவில் நிறுத்தினால் கோர்வை விட்டுப்போகும். நான் பேசினால் வகுப்பு எடுக்கிற மாதிரி இருக்கும் என்று என் மகள் சொல்வாள். அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்காவின் வடக்கு மூலையில் இருக்கும் பழைய காட்டுக்கு நான் பொறுப்பு. படித்தது தாவரவியல். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதே இடம்தான். தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு நானும் மகளும் பூங்காக் குடியிருப்பிலேயே இருந்தோம். அந்தக் காட்டை அலுவலகத்தில் முதுகாடு என்போம். மாப்பிள்ளை ஒருமுறை, "அத்தை, முதுகாடுன்னா பழைய தமிழ்ல சுடுகாடாம், தெரியுமா?" என்று சிரித்தார். எனக்குத் தெரியும். அவர் சொல்லும்போது முதல் தடவையாகக் கேட்பதுபோல நானும் சிரித்தேன். அவர் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். முதுகாட்டை யாரும் வைக்கவில்லை. அதில் கோடாலி பட்டதில்லை, ஒரு விறகுக்குச்சிகூட அங்கிருந்து வெளியே போனதில்லை. பார்க்க வருபவர்கள், பாதி மரம் செத்துக் கிடக்கிறதே, சுத்தம் செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். நான் கோபப்பட மாட்டேன். விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் பக்கம் கூட்டிப்போய், பட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். உள்ளே ஈரம் இருக்கும். பஞ்சுபோல அமுங்கும். செத்த மரம்தான் காட்டின் அடுப்பங்கரை என்று சொல்வேன். காளானுக்கு, வண்டுக்கு, வண்டைத் தின்னும் மரங்கொத்திக்கு, மரங்கொத்தி விட்டுப்போன பொந்தில் குடியேறும் ஆந்தைக்கு, எல்லோருக்கும் அங்கேதான் சாப்பாடு. விதை தரையில் விழுந்தால் சருகு மூடிவிடும். விழுந்த மரத்தின் முதுகில் விழுந்தால் முளைக்கும். அதனால்தான் முதுகாட்டில் சில இடங்களில் மரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அடியில் இருந்த மரம் எப்போதோ மண்ணாகிப் போயிருக்கும்.

நட்டு வளர்த்த காடு அப்படி இல்லை. எல்லா மரத்துக்கும் ஒரே வயசு, ஒரே உயரம். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பிள்ளைகள் நிற்கிற மாதிரி நிற்கும். அங்கே மரம் இருக்கும், காடு இருக்காது. வெட்டினால் திரும்ப நட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரிவதில்லை. உங்களுக்குப் புரிகிறதா என்று நான் கேட்கப்போவதில்லை.

மாப்பிள்ளை பூங்காவின் கட்டுமானப் பிரிவில் இன்ஜினியர். என் மகளை அவர் பார்த்ததே என் அலுவலகத்தில்தான். அவள் சின்ன வயசிலிருந்து என்னோடு முதுகாட்டுக்கு வருவாள். மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொள்வாள், நான் அளவு எடுப்பேன். கல்லூரி முடித்து அதே வேலைக்குப் படிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் கல்யாணம் ஆகி, டவுனில் வீடு எடுத்து, ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். பெண் பிள்ளைகள் போகத்தானே செய்வார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை மேலும் எனக்கு ஒன்றும் இல்லை. தங்கமான மனுஷர். என் வீட்டுக் குழாய் ஒழுகினால் ஞாயிற்றுக்கிழமை வந்து அவரே சரிசெய்வார். என்னைப் பார்த்து ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை.

முதுகாட்டுக்குள் மரப்பலகையில் ஒரு நடைபாதை போடலாம் என்று திட்டம் கொடுத்தது அவர்தான். வயசானவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், எல்லோரும் உள்ளே வந்து பார்க்கலாம். பார்த்தால்தானே பிரியம் வரும் என்றார். "உங்க முட்டிக்கும் நல்லது அத்தை." நான் மறுத்து எழுதினேன். அவர் என்னிடம் வந்து உட்கார்ந்து, பாதை எந்த மரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று கேட்டுக் கேட்டு, மூன்று இடத்தில் வளைத்துக் கொடுத்தார். அதன்பிறகு என்னால் மறுக்க முடியவில்லை. கூட்டத்தில் பூங்கா இயக்குநர் ஒப்புதல் கொடுத்தார். மாமியாரையே சம்மதிக்க வைத்தவர் எந்தக் காட்டிலும் பாதை போடுவார் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஆனால் பாதை போட்டால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பட்ட மரங்களை எடுக்க வேண்டும். கிளை விழுந்து யாருக்காவது அடிபட்டால் யார் பதில் சொல்வது? அது விதி. மாப்பிள்ளை வருத்தத்தோடுதான் சொன்னார். முதுகாட்டிலேயே பெரிய மரம், உள்ளே பொந்து விழுந்தது, அதற்கும் சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார். பெயின்ட் அடித்ததை முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தார். அந்த மரியாதையும் அவரிடம் இருந்தது.

மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை. நான் வழக்கம்போல உள்ளே நடந்துகொண்டிருந்தேன். பழைய கிளை விழும் சத்தம் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். படீரென்று வராது. நீளமாக ஒரு பெருமூச்சு மாதிரி வந்து கடைசியில் தொம்மென்று அடங்கும். சத்தம் பெரிய மரத்தின் பக்கமிருந்து வந்தது. போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை மல்லாக்கக் கிடந்தார். இடது கால், முழங்காலுக்குக் கீழே, கிளைக்கு அடியில். பாதைக்காக நட்ட அளவுக்குச்சிகளை மழை அடித்துக்கொண்டு போயிருக்குமோ என்று பார்க்கத் தனியாக வந்திருக்கிறார்.

"அத்தையா? அப்பாடா," என்றார். "வாக்கிடாக்கி அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. எட்ட மாட்டேங்குது. எடுங்களேன்."

எடுத்தேன். என் பையில் போட்டுக்கொண்டேன். "தேங்க்ஸ் அத்தை," என்றார். அங்கே போன் எடுக்காது. என்னிடமும் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தது.

நான் அவசரப்படுகிறவள் இல்லை. அங்கேயே நின்று யோசித்தேன். கூப்பிட்டால் ஆட்கள் வருவார்கள். கிளையை அறுக்க வாள் வரும், இழுக்க இயந்திரம் வரும், இயந்திரம் வர வழி வெட்டுவார்கள். அது முதல் நாள். அதற்கு அடுத்து என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். பூங்காவின் தெற்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி மேல் கிளை விழுந்து தோள்பட்டை பிசகியது. அந்த மாதமே அங்கிருந்த பழைய மரங்கள் அத்தனையையும் ஆபத்தானவை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. வெட்டிய அடிமரங்களைப் போய்ப் பார்த்தேன். ஈரம் காயவில்லை. இங்கே அடிபட்டது பூங்காவின் சொந்த இன்ஜினியர். முதுகாட்டில் ஒரு பட்ட மரம்கூட மிஞ்சாது. ஒரு ஆள் எங்கேயோ காணாமல் போய்விட்டார் என்றால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இதில் சிக்கலான கணக்கு எதுவும் இல்லை.

"ஆள் கூட்டிட்டு வர்றேன், அசையாம இருங்க மாப்பிள்ளை," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று அலுவலக வேலைகளைப் பார்த்தேன். சாயங்காலம் மகள் போன் செய்தாள். அவர் இன்னும் வரவில்லை, போனும் போகவில்லை, அங்கே இருக்கிறாரா என்றாள். இல்லையே, இன்றைக்கு அவரைப் பார்க்கவே இல்லை என்றேன். பைக் அலுவலக வாசலிலேயே நின்றது. எந்தப் பக்கம் போனார் என்று பைக் சொல்லாது. இயக்குநர் என்னைத்தான் கேட்டார், காடு தெரிந்தவள் என்று. ஆற்றுப் பக்கம் பாலத்துத் தூணைப் பார்க்கப் போவதாக முந்தின நாள் சாயங்காலம் என்னிடம் சொன்னார் என்றேன். இயக்குநரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தானாக நடந்தது. மழையில் ஆறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருடைய முகமும் ஆற்றைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

தேடுவதற்கு நான்தான் ஆட்களைப் பிரித்துவிட்டேன். ஆற்றங்கரைக்குப் பெரும்பாலானவர்கள், தெற்குப் பக்கம் கொஞ்சம் பேர். முதுகாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், அதிகம் பேர் மிதித்தால் மண் தாங்காது என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மோப்ப நாய் கொண்டுவரட்டுமா என்று உங்கள் போலீஸ்காரர் ஒருவர் கேட்டார். முதுகாட்டுக்குள் நாய்க்கு அனுமதி இல்லை. அந்த விதியை எழுதியதே நான்தான்.

மறுநாள் போனபோது அவர் விழித்துத்தான் இருந்தார். "எங்க அத்தை எல்லாரும்?" என்றார்.

"வர்றாங்க. வழி சரியில்ல."

தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். பிஸ்கெட் கொடுத்தேன், ஒன்று சாப்பிட்டார். என் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டேன். இதை எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அவர் கத்தியிருக்கிறார், குரல் கட்டிப்போயிருந்தது. கத்தினால் கேட்கும் தூரத்தில் என்னைத் தவிர யாரும் வருவதில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் தனியாக நடந்து வருவதை அவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க யார்கிட்டயும் சொல்லல. இல்ல?"

"தண்ணி குடிங்க மாப்பிள்ளை."

குடித்தார். மேலே மரத்தைப் பார்த்தார். "பாதை வேண்டாம். ஒரு பேப்பர் குடுங்க, நானே எழுதித் தரேன். இந்த மரத்தை யாரும் தொட மாட்டாங்க."

"எழுதித் தருவீங்க. எனக்குத் தெரியும். நீங்க நல்லவர்."

"அப்புறம் ஏன் அத்தை?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து வந்தால் மரியாதை இல்லை. அதனால் சொன்னேன். தெற்குப் பக்கத்து மரங்களைப் பற்றிச் சொன்னேன். செத்த மரம் எப்படிக் காட்டுக்குச் சாப்பாடு போடுகிறது, விழுந்த மரத்தின் முதுகில் விதை எப்படி வேர் பிடிக்கிறது, மண்ணுக்கடியில் காளான் நூல் எவ்வளவு தூரம் போகிறது என்றெல்லாம் சொன்னேன். காடு எதையும் வீணாக்குவதில்லை என்றும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என் பேச்சை அவ்வளவு பொறுமையாக அதற்கு முன் கேட்டதே இல்லை. எப்போதும் நடுவில் ஒரு ஜோக் அடித்துவிடுவார்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "வாசல் லைட் சுவிட்ச் ஷாக் அடிக்குது. மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அன்னைக்கு காலைல கிளம்பறப்ப கை வெச்சேன், சுண்டிடுச்சு. அவ தூங்கிட்டிருந்தா, எழுப்பல. வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அவளைத் தொட வேண்டாம்னு சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். சொன்னேன் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மகள் முதல் நாள் இரவே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பழைய கட்டிலில்தான் உட்கார்ந்திருப்பாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, அது தானாக அணைந்தால் திரும்பத் தட்டுவாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். ஆற்றங்கரைக்குப் போய் நின்றுவிட்டு வருவாள். தண்ணீருக்குள் மூழ்கித் தேடுகிறவர்கள் மேலே வரும்போதெல்லாம் எழுந்து நிற்கிறாள் என்று அங்கிருந்த பூங்காக் காவலன் சொன்னான். நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுவார்களே, அவன்தான். ராத்திரி அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என் வீட்டில் அத்தனை நாள் சேர்ந்தாற்போல் தங்கியது அப்போதுதான்.

கடைசி நாள் காலையிலும் நான் போனேன். மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. பேசவில்லை. துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். காலின் நிறம் மாறியிருந்தது, எறும்புகள் வந்திருந்தன. அவற்றைத் தட்டிவிட்டேன், பிறகு விட்டுவிட்டேன். அவை அவற்றின் வேலையைச் செய்கின்றன.

வீட்டுக்கு வந்தால் மகள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, வீட்டுக்குப் போயி ரெண்டு துணி எடுத்துட்டு வந்துடறேன்."

"வாசல் லைட்டைத் தொடாதே. ஷாக் அடிக்கும்," என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவுகூடக் கெட்டிக்காரி இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் நான் பொய்யைப் பற்றி நினைக்கவே இல்லை. ஈரக்கையோடு அவள் அந்த சுவிட்சைத் தொடுவாளே என்றுதான் நினைத்தேன். பெற்ற வயிறு இல்லையா.

திரும்பி வந்தவள் கையில் துணி இல்லை. வாசலிலேயே நின்றாள்.

"அந்த சுவிட்சைப் பத்தி உனக்கு யார் சொன்னா?"

"நீதான் சொன்னே."

"எனக்கே தெரியாதும்மா. அவர் போறதுக்கு முந்தின ராத்திரி நான்தான் அந்த லைட்டை அணைச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அவர் காணாமப் போன அன்னைக்கே உன்கிட்ட வந்துட்டேன், அப்புறம் அதைத் தொடவே இல்ல. இப்ப அவரோட டெஸ்டரை எடுத்து வெச்சுப் பாத்தேன், எரியுது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "காலைல அவர் மட்டும்தான் அதைத் தொட்டிருப்பார். அன்னைக்கு அவரைப் பாக்கவே இல்லன்னு சொன்னியே."

அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நீ தனியா தேடின இடம்தானே?" என்றாள். "பெரிய மரமா?"

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து என் பூட்ஸைப் போட்டுக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு. நெட்டையனைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும், நான் சொல்லிக்கொடுத்ததுதானே. போகிற வழியில் அவன் வாக்கிடாக்கியில் உங்களைக் கூப்பிட்டிருக்கிறான். அவள் போய்ச் சேர்ந்தபோது உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்ததாம். காலையிலேயே கொண்டுவந்திருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம் என்று உங்கள் டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நான் ஏன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன் என்று நேற்று கேட்டீர்கள். காரணம் இருக்கிறது. கிளை விழுந்தது விபத்து. காலுக்கு அடிபட்டது, அவ்வளவுதான். மாப்பிள்ளை செத்தது மரத்தால் இல்லை, என்னால். இதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். எழுதினால் ஆபத்தான மரம் என்று சொல்லி யாரும் அங்கே கோடாலி எடுத்துப்போக முடியாது. நடைபாதை வேலையை நிறுத்திவிட்டதாக இயக்குநர் சொன்னாராமே. நல்லது. என் மகள் என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். இப்போதைக்கு அப்படித்தான் இருக்கும். காடு அப்படியே இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாள் அவளுக்குப் புரியும். சின்ன வயசிலிருந்து அவளுக்கு அந்தக் காட்டின் மேல் உயிர்.

அவரை எடுக்கும்போது நான் ஏன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் கேட்டீர்கள். இடத்தை அடையாளம் காட்டவேண்டும் என்று நீங்கள்தான் என்னையும் கூட்டிப்போனீர்கள். அத்தனை பேர் உள்ளே வருகிறார்களே, என்ன ஆகுமோ என்று பார்த்தேன். வாள் வரவில்லை. இயந்திரம் வரவில்லை. நெட்டையன் உங்கள் ஜீப்பிலிருந்து ஜாக்கியை எடுத்துவந்து, அடியில் ஒரு பலகையைப் போட்டு, கிளைக்குக் கீழே வைத்துச் சுற்றினான். கிளை ஒரு சாண் எழும்பியது. ஸ்ட்ரெச்சரில் வைத்து நாலு பேர் தூக்கி, மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு செடி ஒடியவில்லை. பாசியில் கால்தடம் கொஞ்சம் விழுந்திருந்தது, அடுத்த மழைக்குச் சரியாகிவிடும். பார்த்துச் செய்தாய் என்று நெட்டையனிடம் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

என் ஜீப்பிலும் ஜாக்கி உண்டு, பின்சீட்டுக்கு அடியில். மாப்பிள்ளை முதல் நாள் என்னிடம் கேட்டதும் அதைத்தான். "ஆள்கூட வேண்டாம் அத்தை, ஜாக்கியை மட்டும் எடுத்துட்டு வாங்க, காலை நானே உருவிக்கறேன்," என்றார். இதை நான் முதல் நாளைப் பற்றிச் சொன்னபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மறைக்க வேண்டும் என்று இல்லை. எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.